பலாக்கட்டைக்குள்ள ஏழு ஆணி

சாமு,

இந்தக் கடுதாசியை நான் மூடி ஒட்டப்போறதில்லை. யார் படிச்சாலும் படிக்கட்டும். ஒரு பிரதி எடுத்து நம்ம போதகர் கையில கொடுக்கப்போறேன். சபையில வாசிக்கணும்னு அவருக்குத் தோணுச்சுன்னா வாசிக்கட்டும். எழுதி முடிச்சதும் பக்கம் பக்கமா போன்ல படம் பிடிச்சு உனக்கு அனுப்புறேன். வாயாலயே சொல்லிரலாம்னு மூணு நாளா போனைக் கையில எடுக்கிறேன். உன் குரலைக் கேட்டதும் மழை உண்டா, அங்க வெயிலான்னு எதையாவது பேசிட்டு வச்சிடுறேன். உங்கப்பன் வாய் அப்படிப்பட்ட வாய். பேப்பர்ல எழுதினா நடுவுல யாரும் மறிச்சுப் பேச முடியாது, நானும் பேச்சை மாத்த முடியாது. அதனால எழுதுறேன். கொஞ்சம் பொறுமையாப் படி, ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போகாதே.

புது பேண்ட்சா வாள் மெஷின் வந்து இறங்கின அன்னைக்கு நீ அனுப்பின வீடியோவைப் பதினஞ்சு தடவையாவது பார்த்திருப்பேன். எருத்தேன்பதியில நீ வாடகைக்கு எடுத்திருக்கிற பழைய தேங்காய்க் குடோன், நடுவுல ஆள் உயரத்துக்குப் பச்சைக் கலர் மெஷின், பக்கத்துல இடுப்புல கை வச்சுக்கிட்டு நீ. இனிமே கிட்டாருக்குப் பலகை ஈர்றதுக்குக் கோயமுத்தூர் ஓட வேண்டாம்ப்பா, நானே நம்ம பலாவை ஈர்ந்து, ரெண்டு பலகையையும் புஸ்தகம் விரிக்கிற மாதிரி விரிச்சு ஒட்டி, முதல் கிட்டாரை நம்ம சபைப் பாடகர் குழுவுக்குக் கொடுப்பேன்னு சொன்னே. இருபத்திரண்டு வருஷம் மரம் அறுக்கிற ஈர்ச்ச மில்லுல வாள் ஓட்டினவன் நான். மகன் கையில ஒரு வாள் மெஷினைப் பார்த்தா எனக்கு நெஞ்சு நிறையணும். நிறையலை மக்கா. சாப்பிடாம எழுந்துட்டேன், உங்கம்மா கேட்டதுக்கு வாயுன்னு சொன்னேன்.

தெரிஞ்சதை முதல்ல சொல்லிடுறேன், மத்தது பின்னால. வாளை மாட்டின உடனே சுவிட்சைப் போட்டுறாதே. மேல் சக்கரத்தைக் கையால பத்துச் சுத்து சுத்து. வாள் நடுவுல ஓடுதா, முன்னால வழுக்கி வருதான்னு பாரு. பலகை ஈர்றதுக்கு அகலமான வாளும் பெரிய பல்லும் வேணும். பல் நெருக்கமா இருந்தா தூள் வெளிய வர வழியில்லாம வாள் சூடாகும், நீ நேராத் தள்ளினாலும் உள்ளுக்குள்ள பலகை வயிறு தள்ளி நிக்கும். வாளை நேரா நிறுத்துற மேல் கைடை மரத்துக்கு ஒரு விரக்கடை மேல விட்டு இறுக்கு, அதுக்கு மேல வாள் வெளிய தெரியக் கூடாது. ஒவ்வொரு வாளும் ஒரு பக்கமா இழுக்கும், அது அதோட குணம். அதோட சண்டை போடாதே. ஒரு கழிவுக் கட்டையில கோடு போட்டுக் கையாலயே தள்ளிப் பாரு. கோட்டை விடாம போக எந்தச் சாய்வுல கட்டையைப் பிடிக்க வேண்டி வருதோ, அந்தச் சாய்வுக்கே தடுப்பை வச்சு இறுக்கு. அழுத்தித் தள்ளாதே, வாள் தின்கிற வேகத்துக்குக் கொடு. கடைசி நாலு விரக்கடைக்கு உன் கை வேண்டாம், குச்சியை வச்சுத் தள்ளு. ஒரே தாளத்துல டிக் டிக்னு சத்தம் வந்தா வாள்ல எங்கயோ கீறல் விழுந்திருக்குன்னு அர்த்தம், அந்த நிமிஷமே நிறுத்து. வாள் அறுந்தா வலது பக்கமா பாயும், அந்தப் பக்கம் ஆள் நிக்கக் கூடாது. மருமக கவிதா நேத்து எனக்கு, ‘பின்னால நின்னு பலகை புடிக்கறது நானுங்க மாமா, அவிங்க சொல்லிக் குடுத்துட்டாங்க’ன்னு குரல் மெசேஜ் அனுப்பியிருந்தா. அவ சிரிச்சுக்கிட்டே சொல்றா. அந்தப் பிள்ளையைப் பின்னால நிறுத்தாதே. ஏன்னு சொல்றேன்.

எங்க மில்லுல எனக்கு எதிர்ப்பக்கம் நின்னு பலகை வாங்கினவர் தங்கராஜ் அண்ணாச்சி. உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆனைக்கரைச் சந்தை முழுக்கச் சுத்தினவர், உனக்கு நினைவிருக்கும். வீட்டுப் பறம்புல, தோட்டத்துல, நின்ன மரம் மில்லுக்கு வந்தா, மேடையில ஏத்துறதுக்கு முன்னாடி உடையவர்கிட்ட ஒரே கேள்வி கேட்போம்: இரும்பு இருக்கா? கொடி கட்ட ஆணி அடிச்சிருப்பாங்க, வேலிக் கம்பி சுத்தியிருப்பாங்க, மரம் அதை விழுங்கிட்டு வெளிய வழவழன்னு நிக்கும். ஒருநாள் ஒருத்தர் பலா கொண்டு வந்தார். கேட்டேன். ஒரு குண்டூசி கூடக் கிடையாதுன்னார். முதல் பலகை சுத்தமா வந்துச்சு, ரெண்டாவதும் சுத்தம். மூணாவதுல வாள் இரும்பைக் கடிச்சு அறுந்துச்சு. ஒரு துண்டு பல் தெறிச்சு அண்ணாச்சியோட இடது கண்ணுல. எனக்கு ஒரு கீறல் இல்லை. அந்த மரக்காரரை நான் மில் வாசல்ல வச்சே வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு வார்த்தை உண்மை சொல்ல உனக்கு என்ன கேடுன்னு கேட்டேன். அதுக்கப்புறம் ரோட்டுல அவர் கும்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்கிறதில்லை. அதை உனக்கும் எத்தனையோ தடவை நியாயம் பேசுற மாதிரி சொல்லியிருக்கேன். இப்போ உனக்கு முன்னால அந்த ஆள் நின்ன இடத்துல நான் நிக்கிறேன்.

சாமு, உன் குடோன்ல காயப் போட்டிருக்கிற நம்ம வீட்டுப் பலாவுல ஆணி இருக்கு. ஏழு. அடிச்சது நான்.

உனக்கு மூணு வயசு ஆகும்போது வலிப்பு வர ஆரம்பிச்சுச்சு. கண் மேல சொருகிக்கும், வாயில நுரை, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். கட்டப்பனையில டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, விடாம கொடுங்க, வளர வளரச் சரியாயிரும்னார். கொடுத்தோம். சபையில உபவாசம் இருந்து ஜெபம் பண்ணினாங்க. அப்படியும் ஒரு மாசத்துல மூணு தடவை வந்துச்சு. மூணாவது தடவை நீ என் மடியில நீலமாப் போனே. அப்போ நான் சபைக் கமிட்டியில இருக்கேன், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக் காணிக்கைத் தட்டு பிடிக்கிறவன். யாருக்கும் சொல்லாம ஜீப் பிடிச்சு மலை இறங்கிக் கம்பம் பக்கத்துல ஒரு மந்திரவாதியைப் பார்க்கப் போனேன். கேவலமா இருந்துச்சு. ஆனாலும் போனேன். அவன் ஏழு ஆணியை மஞ்சள் துணியில முடிஞ்சு கொடுத்தான். வீட்டுல பால் வடியிற மரம் ஒண்ணுல, பிள்ளை உயரத்துக்கு, வடக்குப் பார்த்து அடின்னான்.

அடிக்கிற சத்தம் பக்கத்து லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் கேட்குமே, எப்போ அடிக்கிறதுன்னு யோசிச்சேன். பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டுல இருந்து மூணு வரைக்கும் நடக்கிற மும்மணி ஆராதனைக்கு எட்டுப் பிள்ளை பெத்தவளும் வீட்டைப் பூட்டிட்டுப் போயிருவா. பிள்ளைக்குக் காய்ச்சல், நான் பார்த்துக்கிறேன்னு சொல்லி உங்கம்மாவை அனுப்பினேன். அன்னைக்கு அவதான் வேத பாடம் வாசிக்கணும். பன்னிரண்டு மணி வெயில், ஒரு ஈ காக்கா இல்லை. உன்னைக் கொண்டுபோய்ப் பலாவோட முதுகு ஒட்ட நிறுத்தினேன். அளவு எடுக்கிறேன்னு நினைச்சு நீ சிரிச்சுக்கிட்டே நிமிர்ந்து நின்னே. உன் தலைக்கு மேல ஒரு விரக்கடை விட்டு முதல் ஆணி. அப்புறம் உன்னை நகர்த்திட்டு, அதுக்குக் கீழே நேர்வரிசையா ஆறு. சுத்தியல் தலையில சாக்கைச் சுத்திக்கிட்டு அடிச்சேன். தூரத்துல ஒலிபெருக்கியில நம்ம போதகர் சிலுவையில ஆணி அடிச்சதைப் பத்திப் பேசுறது கேட்குது. நான் இங்க அடிச்சுக்கிட்டிருக்கேன். பால் வடிஞ்சுச்சு. மிளகுக் கொடியை இழுத்து ஆணித் தலைகளை மறைச்சிட்டு, கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிட்டு உள்ள வந்து உட்கார்ந்தேன்.

உனக்கு வலிப்பு குறைஞ்சுச்சு. அடுத்த வருஷம் நின்னே போச்சு. மருந்தா, ஜெபமா, ஆணியான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் சபையில எழுந்து நின்னு, ஜெபத்தினாலேயே என் பிள்ளை பிழைச்சான்னு சாட்சி சொன்னேன். பெண்கள் பக்கம் உங்கம்மா முக்காட்டால முகத்தை மூடிக்கிட்டு அழுதா. நீயும் அதைக் கேட்டே வளர்ந்தே. அந்தச் சாட்சியில நான் சொன்னது பாதி. மீதி மரத்துக்குள்ள இருந்துச்சு. வருஷா வருஷம் மரம் பருத்து ஆணியை உள்ள வாங்கிக்கிச்சு, பத்து வருஷத்துல தடவிப் பார்த்தாலும் தெரியலை. நானும் மறந்துட்ட மாதிரி நடந்துக்கிட்டேன்.

போன தடவைக்கு முந்தின மழையில அந்த மரம் வேரோட சாஞ்சுச்சே, நீ லீவு போட்டு வந்து நின்னியே, அன்னைக்கே சொல்லியிருக்கணும். செயின்சாக்காரன் அறுக்கும்போது நான் பக்கத்துல நின்னு, இங்க வை, இன்னும் ஒரு சாண் தள்ளி வை, இந்தப் பக்கமாப் பிளன்னு கையைக் காட்டிக்கிட்டே இருந்தேன். எங்கப்பாவுக்கு மரத்தோட நரம்பே தெரியும்னு நீ அவன்கிட்டப் பெருமையாச் சொன்னே. நரம்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வாள் ஆணியில படாம இருக்க, குட்டு உடையாம இருக்க இடம் காட்டினேன். கட்டைகளை வண்டியில ஏத்தின அன்னைக்குப் போதகர் வந்து, தேவ ஊழியத்துக்குப் போற மரம்னு கை வச்சு ஜெபம் பண்ணினார். அவர் கை வச்சது ஆணி இருந்த அடிக்கட்டையில. நான் கண்ணை மூடிக்கிட்டு ஆமென் சொன்னேன். சொல்ல வாய் வரலைலே. அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்லுவேன்?

ரெண்டு நாள் முன்னாடி போன்ல, வீட்டு மரம், இரும்பு இருந்தாலும் இருக்கும், பார்த்துக்கோன்னு பொதுவாச் சொன்னேன். நீ சிரிச்சுட்டு, இரும்பு காட்டுற கருவி வாங்கி எல்லாக் கட்டையிலயும் தடவிட்டேன், ஒண்ணும் கத்தலைன்னே. அந்தக் கைக்கருவி மேலாக இருக்கிறதைத்தான் காட்டும். என் ஆணி இருபத்துநாலு வருஷம் வளர்ந்த மரத்துக்கு அடியில கிடக்கு. நீ ஈர்றப்போ முதல் பலகை சுத்தமா வரும், மஞ்சளா, பட்டு மாதிரி வரும். ரெண்டாவதும் வரும். உனக்குத் தைரியம் வந்து வேகம் கூடும். எனக்குப் பயமே அங்கதான். அதனால உண்மையைச் சொல்லாம ஒரு சூழ்ச்சி பண்ணினேன்: அடிக்கட்டை இன்னும் காயட்டும், அதுக்கு மேல அறுத்த ரெண்டாவது கட்டையில ஆரம்பி, அது தங்கமான கட்டை, நான் கேரண்டின்னேன். நீயும் சரிப்பான்னு ஒத்துக்கிட்டு, அப்புறம் கட்டைவிரல் படம் ஒண்ணு அனுப்பினே. அந்த விரலைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போ குறிச்சுக்கோ. அடிக்கட்டையோட நாலு துண்டுல ஒண்ணுக்குத் தலைமாட்டுல, காயும்போது வெடிக்காம இருக்க நீ அடிச்ச பெயிண்டுக்கு அடியில, கத்தியால ரெண்டு கீறு போட்டிருக்கேன். ஏழும் அதுலதான். பட்டைப் பக்கத்துல இருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்துல, மேல இருந்து கீழ ஒரே வரிசை. இரும்பு பட்ட இடத்துல பலா கறுத்திருக்கும். ஈர்றப்போ மஞ்சள் தூளுக்கு நடுவுல மை மாதிரி கறுப்பு வந்தா வாள் ஆணிக்குப் பக்கத்துல வந்துட்டுதுன்னு அர்த்தம். அந்தத் துண்டை வாளுக்குக் காட்டாதே. உளியால பிளந்து எடுக்கணும்.

எடுக்கணும்னு எழுதிட்டேன், ஆனா அந்த இடத்துல என் பேனா நின்னுருச்சு. ஏன்னா அந்த மந்திரவாதி ஒண்ணு சொல்லி அனுப்பினான். ‘ஆணி வெளிய வந்தா, அதுல அடைச்ச நோவும் வெளிய வரும். பிள்ளையைத் தேடி வரும்.’ வண்டியில ஏத்தின அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குச் சபை மட்டும் காரணம் இல்லை மக்கா. சொன்னா நீ பிடுங்கிருவே. பிடுங்கினா உனக்கு என்ன ஆகுமோன்னு பயம். ஞானஸ்நானம் வாங்கினவன், ஐம்பது வருஷமா வேதம் வாசிக்கிறவன், எனக்கு இன்னும் அந்தப் பயம் போகலை. உன்கிட்டச் சொல்ல வெட்கமா இருக்கு. உள்ள இருந்தா வாளுக்கு ஆபத்து, வெளிய வந்தா உனக்கு ஆபத்துன்னு ரெண்டு பக்கமும் யோசிச்சு யோசிச்சு ஒண்ணுமே செய்யாம இருந்தேன். என் பயத்துக்காக நீ விரலைக் கொடுக்க வேண்டாம், அந்தப் பிள்ளை கண்ணைக் கொடுக்க வேண்டாம். நானே வர்றேன். அடிச்ச கையே எடுக்கட்டும், எது வந்தாலும் என்மேல வரட்டும்.

இது வரைக்கும் எழுதிட்டு, அனுப்புறதுக்கு முன்னாடி உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்னு நினைச்சேன். இருபத்தாறு வருஷம் அவளுக்குத் தெரியாம வச்சிருந்தேன், அவ அடுத்தவங்க வாயால கேட்கக் கூடாது. பின்கட்டுல உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கிக்கிட்டிருந்தா. பக்கத்துல முக்காலி போட்டு உட்கார்ந்து முதல் எழுத்துல இருந்து படிச்சேன். மந்திரவாதி பேச்சு வந்தப்போ திட்டுவான்னு பார்த்தேன், திட்டலை. பெரிய வெள்ளிக்கிழமை வந்தப்போ கை மட்டும் நின்னுச்சு. ரெண்டாவது கட்டையைப் பத்தின இடத்தைப் படிச்சப்போ மடியில இருந்த முறத்தைக் கீழே வச்சுட்டா.

“ரெண்டாவது கட்டையில ஆரம்பிக்கச் சொல்லிட்டீங்களா?”

ஆமான்னேன். அவ தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா. நான் போனதுக்கு ஒரு மாசம் முந்தியே அவ போயிருக்கா. அதே ஆள்கிட்ட. கம்பத்துல அக்கா வீட்டுக்குப் போறேன்னு ஒரு நாள் போனாளே, அன்னைக்கு. அவன் என்னைப் பார்த்தப்போ இவ வந்துட்டுப் போனதைப் பத்தி மூச்சு விடலை. நான் மில்லுக்குப் போன ஒரு பகல்ல, அம்மிக்குழவியை எடுத்துக்கிட்டு அதே பலாவுக்குப் போயிருக்கா. மிளகுக் கொடி அடர்த்தியா இருந்த கிழக்குப் பக்கம், யார் கண்ணுலயும் படாம இருக்கத் தலைக்கு மேல கையைத் தூக்கி, எட்டுன மட்டும் உயரத்துல அடிச்சிருக்கா. அது அடிக்கட்டை இல்லை சாமு. அந்த உயரம் ரெண்டாவது கட்டை. செயின்சாக்காரன் பிளக்கும்போது படாம போனது வெறும் அதிர்ஷ்டம். சபையில நான் சாட்சி சொன்னப்போ அவ ஏன் அப்படி அழுதான்னு இப்போதான் எனக்குத் தெரியுது.

எத்தனை ஆணின்னு கேட்டேன்.

“பொட்டலத்துல இருந்ததை எல்லாம் அடிச்சேன். எண்ணலை.”

மேல நான் எழுதின கணக்கை எல்லாம் நம்பாதே. தங்கமான கட்டைன்னு சொன்னேனே, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கிறேன். எந்தக் கட்டையையும் தொடாதே, மெஷினோட பிளக்கைப் பிடுங்கி வை, கவிதாவை அந்தக் குடோன் பக்கமே விடாதே. நாங்க ரெண்டு பேரும் இப்போவே கிளம்புறோம். யார் பிடுங்குறதுன்னு எங்களுக்குள்ள சண்டை வந்துருச்சு. ‘பெத்தவ நான், எனக்கு வரட்டும்’னு சொல்லிக் குறடை எடுத்துத் தன் பையில வச்சுக்கிட்டா. கடுதாசியைப் படம் பிடிக்கிறதுக்கு முன்னாடி உனக்குப் போன் போட்டோம். மணி அடிச்சு அடிச்சு நின்னுருச்சு. கவிதாவுக்குப் போட்டோம், அவளும் எடுக்கலை. சாப்பிடப் போயிருப்பாங்கன்னு உங்கம்மா திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கா. வாள் ஓடுறப்போ மில்லுக்குள்ள போன் மணி கேட்காது. அதை நான் அவகிட்டச் சொல்லலை.

அப்பா